யாருடைய வண்டி கண்ணை உறுத்துகிறது?

விடிவதற்கு முன்பே தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் கிளம்பும் ஜீப்புகள், கம்பம்மெட்டு மலைப்பாதையில் வளைந்து ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் பெண்களைக் கொண்டுபோய் இறக்குகின்றன. முன்கண்ணாடியின் நெற்றியில் குலசாமி பேர், அதற்குக் கீழே பிள்ளைகளின் பேர், பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும், உள்ளே சிவப்பும் பச்சையுமாக ஓடும் சீரியல் லைட், பின்பக்கம் விஜய்யோ அஜித்தோ. அதே மாவட்டத்தில், வாகமண் பக்கம் விடுமுறை நாளில் வேறு வகை ஜீப்புகள் நிற்கும்: ஆள் இடுப்புக்கு வரும் டயர், தூக்கிக் கட்டிய சஸ்பென்ஷன், கூரைமேல் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள். இரண்டுமே கம்பெனி கொடுத்தபடி இல்லாத வண்டிகள்தான். ஆனால் முதலாவதுக்குக் கிடைப்பது கேலி. இரண்டாவதுக்குக் கிடைப்பது ‘வண்டிப் பிரியர்’ என்ற மரியாதை. தமிழ்நாட்டு லாரிக்குக் கேரளத்தில் ‘பாண்டி லோரி’ என்ற பட்டப்பெயர் வெகுநாளாகப் புழங்குகிறது. அது லாரியை மட்டும் சொல்லவில்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வண்டி அலங்காரத்தைப் பற்றிய சண்டையில் பாதி வண்டியைப் பற்றியதே அல்ல. பாதுகாப்பு என்ற நியாயமான வாதத்தின் தோளில் ஏறிக்கொண்டு, யார் ரசனை மேல், யார் ரசனை கீழ் என்ற பழைய வழக்கும் சேர்ந்தே வருகிறது.

இப்படிச் சொன்னால் உடனே வரும் பதில் வடக்கஞ்சேரி. வர வேண்டிய பதில்தான். 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரிக்கு அருகே, எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னால் போன கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள்: ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த மூன்று பயணிகள். அந்தக் காலத்துக் கேரளச் சுற்றுலாப் பேருந்துகள் ஓடும் திருவிழாக்கள். உடம்பு முழுக்க ஓவியம், உள்ளே லேசர், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், கண் கூசும் விளக்கு. கல்லூரி மாணவர்கள் பேருந்தின் பேரைச் சொல்லிக் கேட்டு வாடகைக்கு எடுப்பார்கள். அதே ஆண்டு கொல்லம் மாவட்டம் பெருமண் பொறியியல் கல்லூரியில், சுற்றுலா கிளம்பும் உற்சாகத்தில் பேருந்தின் கூரைமேல் வாணம் கொளுத்தப் போய் வண்டியிலேயே தீப்பிடித்தது. அலங்காரம் எந்த எல்லைக்கும் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் வடக்கஞ்சேரியில் உயிரைக் குடித்தது எது? மோதும்போது பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்தார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதவை. விபத்துக்குப் பின் முன்னுக்கு வந்ததோ கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வெள்ளை நிறத்தில், ஊதாவும் பொன்னிறமுமான கோடுகளோடு மட்டும் இருக்க வேண்டும் என்று 2020-லேயே எடுத்திருந்த முடிவை, கேரள உயர் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பின் அவசர அவசரமாக அமல்படுத்தினார்கள். லேசரையும் கூசும் விளக்கையும் அகற்றியதில் யாருக்கும் தகராறு இருக்க முடியாது. எதிரே வருகிற ஓட்டுநரின் கண்ணை மறைப்பவை அவை. வெள்ளை நிறம் இருட்டில் நன்றாகத் தெரியும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. அப்படியானால் கறுப்புக் கார்களை ஏன் யாரும் தடுப்பதில்லை? ஓவியம் தீட்டிய பேருந்து வேகமாகப் போகும் என்றும் வெள்ளைப் பேருந்து பொறுமையாகப் போகும் என்றும் நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. எளிதில் கண்ணில் படுவதைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் அங்கே வேலை செய்தது.

இந்தக் குழப்பம் கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் குடியேறிய மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், பழைய செவர்லே கார்களைத் தரையை உரசும் அளவுக்குத் தாழ்த்தி, பளபளவென்று வண்ணம் பூசி, ஞாயிறு மாலைகளில் ஆமை வேகத்தில் ஊர்வலம் போவார்கள். ‘லோரைடர்’ என்று பேர். 1958-ல், சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. உடனே இளைஞர்கள் ஹைட்ராலிக் பம்பு பொருத்தினார்கள்: போலீஸ் தென்பட்டால் கார் உயரும், போலீஸ் போனதும் இறங்கும். (சட்டத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடக்கும் போட்டியில் ஒர்க்‌ஷாப் சளைத்ததாகச் சரித்திரம் இல்லை.) ஒரே தெருவில் திரும்பத் திரும்ப வண்டியில் சுற்றுவதை ஊர் நிர்வாகங்கள் தடை செய்யவும் மாநிலம் பிற்பாடு வழி செய்து கொடுத்தது. வேகத்துக்காக அல்ல, மெதுவாகப் போனதற்காகத் தண்டனை! அந்தத் தடைகள் நீங்கியது 2024 ஜனவரியில்தான். அதற்குள் லோரைடர் கார்கள் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டன. ஜப்பான் கார்களை அலங்கரிப்பவர்களை அரிசியைச் சேர்த்துத் திட்டும் ஒரு வசை அங்கே இன்றும் உண்டு. அது இனத்தைக் குத்துகிறது என்பார் ஒருவர், வெறும் கார் கிண்டல் என்பார் இன்னொருவர். பாகிஸ்தானின் சித்திர லாரிக்கோ வேறு யோகம். 2002-ல் வாஷிங்டன் நாட்டுப்புறக் கலை விழாவில் அதை நிறுத்திவைத்துக் கலை என்று காட்டினார்கள். நம்மைவிட்டுத் தள்ளி நிற்கும் வண்டி கலையாகிறது; நம் தெருவில் வேறொருவர் ஓட்டி வந்தால் தொல்லையாகிறது.

வண்டன்மேட்டில் இது வெறும் ரசனைப் பேச்சாக நிற்பதில்லை. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற வழக்கு நடந்த மலை இது. போராடிய திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கு இந்த மலை கிடைக்கவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது குமுளி வழி அடைபட்டது. உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தமிழ்த் தொழிலாளர்கள் தேனி மாவட்டத்துக்கு இறங்கி ஓடினார்கள். இரு பக்கமும் அடுத்த மாநில எண் கொண்ட வண்டிகள் அடிவாங்கின. நம்பர் பிளேட்டையே முகமாகப் பார்த்த ஊரில், குலசாமி பேரும் தமிழ் எழுத்தும் தாங்கிய ஜீப்பைப் பார்த்து வரும் நக்கலை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

சட்டம் பாரபட்சமாகவா நடக்கிறது என்று கேட்கலாம். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். 2021-ல் வேனை மாற்றியமைத்து யூடியூபில் புகழ்பெற்ற இரண்டு மலையாளச் சகோதரர்கள் கண்ணூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கைதானார்கள். அபராதச் சீட்டு மொழி பார்ப்பதில்லை. மொழி பார்ப்பது அதைச் சுற்றி நடக்கும் பேச்சு. சகோதரர்களுக்காகத் திரண்ட இளைஞர் கூட்டம் ஏலத்தோட்ட ஜீப்காரருக்காகத் திரளாது.

தமிழர்களும் இதில் சுத்தமானவர்கள் அல்லர். தென் மாவட்டங்களில் சாதித் தலைவர் படமும் சாதிக்கொடி வண்ணமும் ஒட்டிய வண்டிகள் எத்தனை! உத்தரப் பிரதேச அரசு 2025 செப்டம்பரில் வண்டிகளில் சாதிப் பெயர் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். குலசாமி பேர் ‘நான் இன்ன ஊர்க்காரன்’ என்கிறது. சாதி ஸ்டிக்கர் ‘நீ ஒதுங்கு’ என்கிறது. எல்லா அலங்காரத்தையும் பண்பாடு என்று காப்பாற்றக் கிளம்பினால் இரண்டாவதையும் காப்பாற்ற நேரும்.

ஆகவே கேட்க வேண்டியது அடுத்தவருக்கு என்ன கேடு என்பதுதான். விளக்கின் கூச்சத்தை அளக்கலாம், ஹாரனின் சத்தத்தை அளக்கலாம், டயர் தேய்ந்ததை விரலால் தடவியே சொல்லலாம். கம்பம்மெட்டு ஜீப்பில் எண்ணிப் பார்க்க வேண்டியது தலைகளை. ஆள் கூடினால்தான் ட்ரிப் கட்டுபடியாகும் என்று ஓட்டுநர் ஏற்றுகிறார். வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே என்று பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். எந்த ஜீப்பில் வந்தார்கள் என்று தோட்டம் கேட்பதில்லை. வளைவில் வண்டியைக் கவிழ்க்கக்கூடியது அந்தப் பாரம். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, சீரியல் லைட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.