முள்ளம்பன்றியும் நம் தோட்டங்களும்

விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர், நிரைகளுக்கிடையே கறுப்பும் வெள்ளையுமான முட்கள் சில கிடக்கக் கண்டிருக்கலாம். மலாய்க்காரர் லண்டாக் என்றழைக்கும் முள்ளம்பன்றி இரவில் அவ்வழியே சென்றதற்கு அதுவே அடையாளம். கோலசிலாங்கூரிலும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும், உலு சிலாங்கூரிலும் காட்டை ஒட்டிய தோட்டங்களில் வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று.

பெயரில் பன்றி இருப்பினும், இது எலியும் அணிலும் அடங்கிய கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. தமிழகத்துப் புன்செய்களில் பந்துபோல் சுருண்டுகொள்ளும் முள்ளெலி முற்றிலும் வேறு. அம்முள்ளெலிக்கு இந்நாட்டில் உறவு ஒன்று உண்டு: நீரோரங்களில் புழுபூச்சி தேடித் திரியும், கடும் நாற்றமுடைய தீக்குஸ் பூலான். விந்தை என்னவெனில், அதற்கு முள்ளே இல்லை!

முள்ளம்பன்றி தன் முட்களை அம்புபோல் எய்யும் என்று லயங்களில் கூறுவதுண்டு. அது உண்மையன்று. முள் என்பது தடித்து இறுகிய உரோமமே. பகை நெருங்கினால் வாலிலுள்ள உள்ளீடற்ற முட்களை உலுக்கி ஒலியெழுப்பும். அதற்கும் அஞ்சாவிடில் பின்புறமாகப் பாய்ந்து குத்தும். முட்கள் கழன்று பகையின் உடலில் தங்கிவிடும். இந்தியாவில் குமாவோன் பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட முக்தேசர் ஆட்கொல்லிப் புலி, முள்ளம்பன்றியுடன் மோதியே ஒரு கண்ணை இழந்தது. அதன் முன்காலில் ஏறக்குறைய 50 முட்கள் தைத்திருந்தன. புலிக்கே அந்நிலை எனில், தோட்டத்து நாயின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

பகலில் வளையில் உறங்கி, இருட்டியபின் வேர், கிழங்கு, மரப்பட்டை, உதிர்ந்த கனி முதலியவற்றை இது தேடித் தின்னும். நம் மரவள்ளிக் கொல்லைக்கும் செம்பனைக் கன்றுக்கும் தொல்லை தருவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதைக் கொல்வோரில் பலர் கொல்லையைக் காக்கக் கொல்வதில்லை. அதன் வயிற்றுக் கல்லுக்காகவே கொல்கின்றனர்.

கெலிகா எனப்படும் அக்கல், செரிக்காத தாவரப் பொருள் இரைப்பையில் திரண்டு இறுகியதாகும். டிங்கிக் காய்ச்சலையும் புற்றுநோயையும் போக்கும் என்று கூறி மிக உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. நோயுற்றவர் மருத்துவமனைக்குச் செல்லாமல் இதற்குக் கடன் வாங்குவது பெருங்கேடு. மேலும், எல்லா முள்ளம்பன்றியிலும் கல் இருப்பதில்லை. அறுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும் விலங்கு இவ்வேட்டைக்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முள்ளம்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமமின்றி வேட்டையாடுவதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. தோட்டத்திற்கு வந்து கண்ணி வைக்கக் கூலி தருவதாகக் கூறுவோர், வழக்கு வந்தால் உடன் வரமாட்டார்கள்.

மரவள்ளியைக் காக்கக் கம்பிவலை போதும். ஆனால் இவ்விலங்கு மண்ணைத் தோண்டி நுழையுமாதலால் வலையின் அடிப்பகுதியை ஒரு முழமேனும் மண்ணில் புதைத்தல் வேண்டும். விழுந்த பழங்களை மாலையிலேயே பொறுக்கிவிடுக. தொல்லை மிகுந்தால் நிர்வாகத்தின் வழியாக வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிக்கலாம்.