இடுப்பு வலியா? ஈரலையும் நினையுங்கள்!

அதிகாலை 4 மணிக்கே தாராவி விழித்துக் கொள்கிறது. அவித்த இட்லியைப் பாத்திரத்தில் அடுக்கித் தலையில் சுமந்து கொண்டு கிளம்புகிறார்கள். தோல் பட்டறையில் காலையில் குனிந்தவர் நிமிரும்போது மாலை ஆகிவிடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவோ ரெயிலில் நின்று கொண்டே போய், 8 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடியும் நின்று கொண்டே வீடு திரும்புகிறார்.

விளைவு? இடுப்பு வலி!

ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே மருந்துக் கடைக்குப் போய், "வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். ஈரல் நன்றாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் பாதகம் செய்யாமல் போகலாம். ஆனால் குடியாலோ, பி, சி வகை மஞ்சள் காமாலையாலோ, கொழுப்பு படிந்தோ ஈரல் சுருங்கிப் போனவருக்கு அதே மாத்திரை உயிருக்கே உலை வைத்துவிடும்.

எந்த மாத்திரை ஆபத்து?

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன், நிமசுலைடு ஆகியவைதான் கடைகளில் அதிகம் விற்கும் வலி மாத்திரைகள். ஈரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாயிலும் வயிற்றிலும் ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும். இந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். ரத்த வாந்தி வரலாம்.

வயிற்றில் நீர் கோத்தவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவருடைய சிறுநீரகம் ஏற்கனவே தள்ளாடிக் கொண்டு இருக்கும். வலி மாத்திரை அதையும் முடக்கிவிடும்.

மலபார் ஹில்லில் பார்சிகளின் மவுன கோபுரத்துக்கு வந்து கொண்டிருந்த பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின? டைக்ளோபினாக் ஊசி போட்ட மாடுகள் செத்த பிறகு, அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு நாடு முழுவதும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தயாரிப்பது 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதனும் கழுகும் ஒன்றல்ல. என்றாலும் மருந்தின் வேகம் புரிகிறது அல்லவா?

நிமசுலைடு ஈரலையே நேரடியாகத் தாக்கக்கூடியது. அயர்லாந்தில் 2007-ல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். நம் நாட்டில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க 2011-ல் தடை வந்தது.

பாரசிட்டமால் சாப்பிடலாமா?

"ஈரல் நோய்க்குப் பாரசிட்டமாலே கூடாது" என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை வேறு. அளவோடு சாப்பிட்டால், இருப்பதில் பாதுகாப்பானது அதுதான்.

அளவு என்ன? ஈரல் சுருங்கியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2 கிராமுக்கு மேல் டாக்டர்கள் அனுமதிப்பது இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 4. 650 என்றால் 3. குடிப்பவர்களுக்கும், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஜலதோஷ மாத்திரையிலும், அசிக்ளோபினாக் கலந்த மாத்திரையிலும் பாரசிட்டமால் ஒளிந்து இருக்கும். அட்டையின் பின்புறம் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரையில் உப்புச் சத்து அதிகம். நீர் கோத்தவருக்கு அது ஆகாது.

டிரமடால் போன்ற பலமான வலி மருந்தும், தூக்க மாத்திரையும் ஈரல் நோயாளியின் புத்தியைத் தடுமாற வைக்கும், மயக்கத்திலும் தள்ளும். பெயர் இல்லாத பொட்டலத் தூளும், "ஒரே ஊசியில் வலி போகும்" என்ற பேச்சும் வேண்டவே வேண்டாம்.

பச்சிலை பாதுகாப்பா?

"இலை, வேர்தானே! என்ன செய்யும்?" என்று எண்ணாதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சர்ச்சை எப்படி இருந்தாலும், ஈரல் நோய் உள்ளவர் டாக்டரிடம் சொல்லாமல் எந்தக் கஷாயமும் குடிக்கக் கூடாது.

வலிக்கு வழி என்ன?

படுத்தே கிடக்காதீர்கள். படுத்தால் தசை இளைக்கும், வலி கூடும். மெதுவாக நடங்கள். பாரத்தை இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். நாற்காலியில் இருப்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். சூடு தாங்கும் அளவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

பத்தியம் என்று வெறும் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். ஈரல் நோயில் தசை கரையும். பருப்பு, பால், முட்டை வேண்டும். இரவு படுக்கும் முன் சிறிது சாப்பிடுவதும் நல்லது.

எல்லா இடுப்பு வலியும் சுளுக்கு அல்ல. ஈரல் நோயில் எலும்பு பலம் இழந்து முதுகெலும்பு நொறுங்கலாம். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். காசநோய் மருந்தும் ஈரலைத் தாக்கக்கூடியது என்பதால் இரண்டையும் டாக்டர் அறிய வேண்டும். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்த வாந்தி, கருப்பு மலம், புத்தித் தடுமாற்றத்துக்கும் அப்படியே.

தாராவிக்குப் பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பி, சி வைரசுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் தேசியத் திட்டம் 2018-ல் தொடங்கியது. விசாரியுங்கள்.

பாஷை தெரியவில்லையா? எந்த டாக்டரிடமும், மருந்துக் கடையிலும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "முஜே லிவர் கி பீமாரி ஹை." பழைய கேஸ் பேப்பரையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். ஊரில் உங்கள் மணியார்டரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது!