597-ஆம் எண் பெட்டி

2004-ஆம் ஆண்டில் லிங்க்ஸிஸ் நிறுவனம் என்எஸ்எல்யூ2 என்ற சிறு பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் அடங்கும் அளவு. பின்னால் இரண்டு யுஎஸ்பி துளைகள், ஒரு நெட்வொர்க் துளை. முன்னால் நான்கு விளக்குகள். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்றை இதில் செருகினால், வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளும் அந்த டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ளலாம். அது ஒன்றுதான் அதற்கு விதிக்கப்பட்ட வேலை. வேறு எந்த இயங்குதளத்தையும் அதில் நிறுவ நிறுவனம் வழி வைக்கவில்லை, வைப்பதாகச் சொல்லவும் இல்லை.

மூன்றே ஆண்டுகளில், உலகின் பெரிய சர்வர்களில் ஓடும் டெபியன் லினக்ஸ் அந்தப் பெட்டியில் முழுமையாக ஓடியது. அச்சு இயந்திரத்தைப் பகிர்வது, இணையதளம் நடத்துவது, அஞ்சல் சேகரிப்பது, பாட்டு ஒலிபரப்புவது என்று ஒரு வீட்டு சர்வர் செய்யும் அத்தனையையும் அது செய்தது. எடுத்துக்கொண்ட மின்சாரம் சில வாட்டுகள்தான். இது எப்படி நடந்தது என்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் "இந்தக் கருவிக்கு ஆதரவு இல்லை" என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது அதற்கு உண்மையில் என்ன பொருள் என்பதை இந்தப் பெட்டியைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு கருவி எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் இருந்தது இன்டெலின் எக்ஸ்ஸ்கேல் வகைச் செயலி. நினைவகம் 32 மெகாபைட், நிரந்தரச் சேமிப்புக்கு 8 மெகாபைட் ஃபிளாஷ். செயலி 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. ஆனால் தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் அதைப் பாதியாக, 133 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். சர்க்யூட் பலகையில் இருந்த ஒரு துளி ரெசிஸ்டரை நீக்கினால் முழு வேகம் திரும்பியது. அதைவிட முக்கியமான செய்தி, நிறுவனம் உள்ளே வைத்திருந்த மென்பொருளும் லினக்ஸ்தான் என்பது. லினக்ஸைப் பொருளில் வைத்து விற்பவர், கேட்பவருக்கு அதன் மூலநிரலைத் தர வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. மூலநிரல் வெளிவந்தது. தன்னார்வலர்கள் அங்கிருந்து தொடங்கினார்கள்.

ஒரு சாதாரண மேசைக் கணினியில் புதிய இயங்குதளம் நிறுவுவது ஏன் எளிது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1981-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிசியின் வழிவந்த கணினிகள் எல்லாம் சில பொது வழக்கங்களைப் பின்பற்றுகின்றன. மின்சாரம் வந்ததும் முதலில் ஓட வேண்டியது எது, இயங்குதளத்தை எங்கே தேட வேண்டும் என்பதெல்லாம் ஏறக்குறைய ஒரேமாதிரி இருக்கும். அதன்மேல், 1990-களில் வந்த பிசிஐ முறை ஒரு பெரிய வசதியைச் செய்துகொடுத்தது. அந்த இணைப்பில் உட்காரும் ஒவ்வொரு பாகமும் "நீ யார்?" என்ற கேள்விக்கு இரண்டு எண்களைப் பதிலாகத் தரும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், மற்றது பொருளின் எண். இன்டெலின் நிறுவன எண் 8086, அதாவது அது 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரே. லினக்ஸின் உட்கருவான கெர்னல் இந்த எண்களைப் படித்துத் தன் பட்டியலில் தேடி, பொருத்தமான டிரைவரை எடுத்துக்கொள்கிறது. கதவு எண் எழுதிய தெருவில் தபால்காரர் வேலை செய்வது போன்றது இது.

என்எஸ்எல்யூ2-வில் அப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் இல்லை. விளக்கு செயலியின் எந்தக் காலில் இணைந்திருக்கிறது, ரீசெட் பொத்தான் எதில், ஃபிளாஷ் எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதையெல்லாம் அந்த வன்பொருள் தானாகச் சொல்லாது. முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதனால் ஏஆர்எம் வகைச் செயலிகளுக்கான லினக்ஸில் அன்று ஒரு பதிவேடு இருந்தது. ரஸ்ஸல் கிங் என்ற நிரலாளர் அதைப் பராமரித்தார். ஒவ்வொரு வகைப் பலகைக்கும் ஓர் எண். கெர்னலைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல், செயலியின் குறிப்பிட்ட பதிவகம் ஒன்றில் அந்த எண்ணை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கெர்னல் அதைப் பார்த்துத் தான் எந்தப் பலகையில் கண்விழித்திருக்கிறோம் என்று அறியும். என்எஸ்எல்யூ2-வுக்குக் கிடைத்த எண் 597.

இங்கேதான் முதல் சிக்கல். பெட்டியில் இருந்த தொடக்க நிரலான ரெட்பூட், 597-ஐத் தரவில்லை. வேறு எண்ணைத் தந்தது. புதிய கெர்னல் அதை நம்பினால் தவறான பலகை என்று எண்ணி நின்றுவிடும். ரெட்பூட்டையே மாற்றி எழுதிவிடலாமே என்றால், அந்த எழுத்து பாதியில் பிழைத்துவிட்டால் திரையும் விசைப்பலகையும் இல்லாத பெட்டியை மறுபடி எழுப்ப எளிய வழி இல்லை. அதன்பின் அது வெறும் செங்கல்தான்.

தன்னார்வலர்கள் கண்ட வழி எனக்குப் பெருவியப்பு தருவது. ரெட்பூட்டை அவர்கள் தொடவே இல்லை. கெர்னலின் தலைப்பகுதிக்கு முன்னால் இரண்டே இரண்டு கட்டளைகளை ஒட்டினார்கள். முதல் கட்டளை பதிவகத்தில் 512 என்று எழுதும். இரண்டாவது அதனுடன் 85-ஐச் சேர்க்கும். 597. ரெட்பூட் தந்த தவறான எண் அழிந்து, கெர்னல் விழிக்கும்போது சரியான எண் அங்கே காத்திருக்கும். ஒரே கட்டளையில் 597-ஐ ஏன் எழுதவில்லை? ஏஆர்எம் கட்டளை ஒவ்வொன்றும் 32 பிட்டுகள்தான். அதில் ஒரு மாறிலிக்குக் கிடைப்பது 8 பிட்டுகளும், அவற்றை இடம் நகர்த்தும் வசதியும் மட்டுமே. 597-ஐ இரும முறையில் எழுதினால் 1001010101. பத்து பிட்டுகள் வேண்டும், எட்டில் அடங்காது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் எட்டே பைட்டுகள். ஆதரவில்லாத வன்பொருளுக்கும் ஆதரவுள்ள வன்பொருளுக்கும் இடையே இருந்த சுவரின் ஒரு பகுதி அவ்வளவு மெல்லியதாக இருந்தது.

இன்னொரு சிக்கல் எண்களை எழுதும் திசை பற்றியது. நான்கு பைட்டுகளால் ஆன ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கலாம், சிறியதையும் முதலில் வைக்கலாம். இந்தச் செயலி இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும். லிங்க்ஸிஸ் முதல் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தது. டெபியனின் நிரல்களோ இரண்டாவது முறைக்கு எழுதப்பட்டவை. எனவே ஃபிளாஷில் எழுதுவதற்கு முன் கெர்னலை நான்கு நான்கு பைட்டுகளாக எடுத்து வரிசையைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது.

இவை எல்லாம் அறிவால் தீர்ந்த சிக்கல்கள். மூன்றாவது அப்படித் தீரவில்லை. அந்தச் செயலியின் நெட்வொர்க் பகுதி வேலை செய்ய, இன்டெல் எழுதிய மைக்ரோகோடு ஒன்று தேவை. அதை விரும்பியபடி எடுத்து விநியோகிக்க இன்டெலின் உரிமம் இடம் தரவில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தன் அதிகாரபூர்வத் தொகுப்பில் வைப்பது டெபியனின் அன்றைய கொள்கை. திரை இல்லாத பெட்டியில் நெட்வொர்க்கும் இல்லையென்றால் நிறுவலைத் தொடங்கவே முடியாது. கடைசியில் மைக்ரோகோடு சேர்த்த தொகுப்பைத் தனியாக, அதிகாரபூர்வமற்றதாகத் தர வேண்டியதாயிற்று. வன்பொருளை முடக்குவது பெரும்பாலும் சில்லின் இயலாமை அல்ல, காகிதத்தில் எழுதிய விதி என்பதற்கு இது சாட்சி.

2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0, என்எஸ்எல்யூ2-வைத் தன் நிறுவியில் சேர்த்துக்கொண்டது. இதற்காக முன்னின்று உழைத்தவர் மார்ட்டின் மிக்கெல்மயர். நிறுவும் முறை இப்படி: பேனா முனையால் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி பெட்டியை இயக்க வேண்டும். விளக்கின் நிறம் மாறும் கணத்தில் பொத்தானை விட்டால் அது புதிய மென்பொருளை ஏற்கும் நிலைக்கு வரும். பக்கத்துக் கணினியிலிருந்து நிறுவியை அனுப்பினால், பெட்டி மறுபடி எழுந்து நெட்வொர்க் வழியே காத்திருக்கும். அதே கணினியிலிருந்து உள்நுழைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். 32 மெகாபைட் நினைவகத்தில் ஓடுவதால் மணிக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

2008-இல் லிங்க்ஸிஸ் இந்தப் பெட்டியை நிறுத்திவிட்டது. 2015-இல் வந்த டெபியன் 8-உம் ஆதரவைக் கைவிட்டது. அத்துடன் முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இடையில் லினக்ஸ் உலகில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. ஏஆர்எம் பலகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் எழுதிக் குவிக்கும் வழக்கத்தை 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின், பலகையில் எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் விவரிக்கும் தனிக் கோப்பைக் கெர்னலிடம் கொடுக்கும் முறை பரவியது. 2019-இல் லினஸ் வாலெய் என்ற கெர்னல் நிரலாளர், வயதாகிப்போன இந்த இன்டெல் செயலிக் குடும்பத்தின் நிரலைத் தூசுதட்டிப் புதுமுறைக்கு மாற்றினார். என்எஸ்எல்யூ2-வுக்கும் அப்படி ஒரு விவரக் கோப்பு கிடைத்தது. கடையில் விற்பது நின்று பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2016-இல் வாங்கிய நல்ல லேப்டாப்கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதன் பாகங்கள் எல்லாம் தங்கள் எண்ணைச் சொல்லும் பிசி வகைப் பாகங்கள். அதற்கு எட்டு பைட்டு வித்தைகூடத் தேவைப்படாது. டெபியனையோ, டெபியன்மேல் கட்டப்பட்ட ஓபன்மீடியாவால்ட் என்ற வீட்டு சர்வர் தொகுப்பையோ பென்டிரைவில் ஏற்றி நிறுவலாம். குடும்பப் புகைப்படங்கள், ஆவணங்கள், திரைப்படங்கள் எல்லாம் நம் வீட்டிலேயே, நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

சில இடங்களில் கவனம் வேண்டும். பிசி வகைக் கணினியில் டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவ 64-பிட் செயலி அவசியம். 64-பிட் ஆட்டம் செயலியும் 32-பிட் தொடக்க நிரலும் கலந்து வந்த மலிவு டேப்லெட்டுகள் சில உண்டு. பல நிறுவிகள் அவற்றில் தடுமாறும், டெபியன் சமாளிக்கும். வைஃபை சில்லுக்கு வேண்டிய தனியுரிமை ஃபர்ம்வேரை 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியுடனேயே தருகிறார்கள். என்றாலும் சர்வருக்குக் கேபிள் இணைப்பே மேல். லேப்டாப்பில் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மின்தடையின்போது யுபிஎஸ் போலக் காக்கும். சற்றே உப்பியிருந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

மின்சாரக் கணக்கையும் போட வேண்டும். சும்மா இருக்கும்போதே 50 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி, இரவு பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட். 10 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு 7 யூனிட் சொச்சம்தான். ஆகவே பழையது எல்லாமே சர்வர் ஆகத் தகுதியானது என்று நான் சொல்லமாட்டேன். சில கணினிகளுக்கு ஓய்வே நியாயம். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் இயங்குதளத்தை மட்டும் நிறுவுங்கள். சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எத்தனை டிஸ்க்குகளை இணைத்து வைத்தாலும் வேறோர் இடத்தில் ஒரு நகல் இல்லாவிட்டால் படங்கள் பத்திரமாக இல்லை என்றே கொள்ளுங்கள்.

அண்மைய நிகழ்வு ஒன்று. வீட்டு சேமிப்புப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற சினாலஜி, தன் 2025-ஆம் ஆண்டு பிளஸ் வரிசை மாடல்களில் தான் அங்கீகரித்த ஹார்டு டிஸ்க்குகள்தான் முழுமையாக இயங்கும் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தது. வாடிக்கையாளர்களிடம் கடும் எதிர்ப்பு. அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 மென்பொருளில், மேசைமேல் வைக்கும் மாடல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த ஆறு மாதங்களில் எந்த ஹார்டு டிஸ்க்கின் உலோகமும் காந்தமும் மாறிவிடவில்லை. மாறியது ஒரு பட்டியல்.

நிறுவனம் ஒரு பொருளுக்கு என்றென்றும் உழைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தன் ஆதரவை நிறுத்தும் நாளில் அந்தப் பொருளின் வன்பொருள் ஆவணங்களையும், தொடக்க நிரலைத் திறக்கும் வழியையும், தேவையான மைக்ரோகோடை விநியோகிக்கும் உரிமையையும் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே கோரிக்கை. பழுதுபார்க்கும் உரிமை பற்றிப் பேசும் அரசுகள் இதையும் அதில் சேர்க்க வேண்டும். அதுவரை, பழைய லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒருமுறை பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி இயக்கிப் பாருங்கள். டிஸ்க்கில் எதையும் எழுதாமலே ஓடும் வகை உண்டு. அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.