செல்ஃப் சுற்றும் வேகமும் சிலிண்டரின் சூடும்

பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஆனேக்கல் வட்டம், இந்திய டீசல் லாரியின் வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு ஆலைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. வடக்கே பெங்களூரு நகரின் ஆடுகோடியில், 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனம் ஜெர்மனியின் பாஷ் தொழில்நுட்பத்தைக் கொண்டு டீசல் பம்புகளைச் செய்தது. கிழக்கே ஒசூரில், தன் எண்ணூர் ஆலைக்கு அடுத்த ஆலையை அசோக் லேலண்ட் 1980-இல் தொடங்கியது. அக்காலத்து லாரிகளில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால், இன்ஜினையும் ஒயரிங்கையும் பிரித்துச் சீரமைக்கக் கற்கும் புதியவருக்கு அவை ஏற்ற பாடமாகின்றன. ஆனால் இன்ஜின் வேலை வேறு, ஒயரிங் வேலை வேறு என்று அவர் பிரித்துக்கொண்டால், பழுது எங்கே இருக்கிறதோ அங்கே அவர் தேடமாட்டார்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய இன்ஜினைப் போலவே, இன்றைய லாரியிலும் பிஸ்டன் காற்றை வேகமாக அழுத்தி எழுப்பும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. கொள்ளளவை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகக் குறுக்கும்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதியளவே போதும். எனினும், அழுத்தும் வேகம் குறைந்தால் வெப்பம் குளிர்ந்த சிலிண்டர் சுவருக்குள் இறங்கிவிடும்; காற்றும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கசிந்துவிடும்.

இந்தக் கசிவைத் தடுப்பதற்காகவே இன்ஜினைப் பிரித்ததும் லைனர் எனப்படும் சிலிண்டர் உறையின் தேய்மானம் அளக்கப்படுகிறது. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருக்க, ஆயில் படலமோ மெலிந்திருப்பதால், லைனர் அங்கேதான் மிகுதியாகத் தேய்கிறது. ஆகையால் போர் கேஜ் கொண்டு மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலும் விட்டத்தை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். பளபளவென்று தெரியும் லைனரும் அளவில் தோற்றுப்போகலாம். கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் அமரும் பகுதிகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அவற்றைக் கிரைண்டிங் செய்து, அந்தக் குறைந்த விட்டத்துக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங்கைப் போட வேண்டும்.

இன்ஜினை இவ்வளவு கவனமாகக் கட்டிய பின்னும் அது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதற்குக் காரணம் ஒரு துருப்பிடித்த எர்த் பட்டையாகக்கூட இருக்கலாம். 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அவற்றிலிருந்து பாயும். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும் என்பது ஓம் விதி. ஓர் இணைப்பில் நூறில் ஒரு ஓம் தடை இருந்து 400 ஆம்பியர் பாய்ந்தால், அங்கேயே 4 வோல்ட் வீணாகிவிடும். அதே இணைப்பில் 3 ஆம்பியர் இழுக்கும் ஹெட்லைட்டுக்கு இழப்பு 0.03 வோல்ட் மட்டுமே. விளக்கு பிரகாசமாக எரிய, செல்ஃப் மட்டும் முனகுவது இதனால்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று இரும்பிலும் வைத்துச் செல்ஃபைச் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்வதே முதல் வேலை. மற்றப் பழைய ஒயர்களில் உறை இறுகி வெடித்ததையும், செம்பு பச்சை பூத்ததையும் மாற்ற வேண்டும். ஃப்யூஸின் அளவு அந்த ஒயர் சூடேறாமல் தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சக் கூடாது.

புதியவர் தொடக் கூடாத இடம் டீசல் பம்பின் உட்புறம். அதன் பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளியே உண்டு என்பதால், சோதனை மேடை உள்ள பம்பு பட்டறைக்கே அதைக் கொடுக்க வேண்டும். திரும்பப் பொருத்தியபின் பிளீடிங் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றுவது அவர் செய்யக்கூடிய வேலை. காற்று அழுத்தத்துக்குச் சுருங்கக்கூடியது. அது லைனில் தங்கினால் பிளஞ்சரின் உந்துதல் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் உருவாகாது.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது எந்தப் பக்கம் தேடுவது என்பதைச் சைலன்சர் புகையே பெரும்பாலும் காட்டிவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று கொண்டு, மறுபடி பிளீடிங் செய்து பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தும் பற்றாவிட்டால் டீசல் வந்துவிட்டது, சூடுதான் போதவில்லை என்று பொருள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் அழுத்தும் வேகம் குறைந்து சூடு போதாமல் போகும் என்பதால், அப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் முன், ஸ்பேனரைக் கீழே வைத்து மல்டிமீட்டரை எடுப்பவருக்கு ஒரு நாள் வேலை மிச்சமாகக்கூடும்.