பறவைக்குத் தமிழ்ப் பெயர், பரீட்சைக்கு?

தாராபுரத்தில் நம்முடைய படிப்பகத்துக்கு மாலை வேளையில் வந்து ஏடு புரட்டிவிட்டுப் போகிற தோழர் ஒருவர் இருக்கிறார். நூற்பாலையிலே பிட்டர் வேலை. குறைவாகப் பேசுவார், கேட்டால் குறியாகக் கேட்பார். அன்றொரு நாள் கேட்டார்:

"குண்டடம், பல்லடம் தாண்டிக் கோவைக்குப் போகிறபோதெல்லாம் சூலூரில் விமானச் சத்தம் கேட்குதுங்க. அந்த இடத்திலே ஒரு காலத்தில் வெள்ளைக்காரனுடைய கடற்படை இருந்தது என்கிறார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்னங்க வேலை?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், தோழர்களே, அந்தக் கேள்விக்குள்ளே ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள்ளே நம் வீட்டுப் பிள்ளைகளின் வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஆகவே விரிவாகவே சொல்லுகிறேன்.

இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். விமானங்களைத் தாங்குவதற்கென்றே கட்டிய கப்பல் அது. ஆனால் தாக்கப்பட்ட நேரத்தில் அதன்மேல் ஒரு விமானமும் இல்லை! சென்னை நகரம் பெட்டி படுக்கையோடு ரயிலடிக்கு ஓடியது.

அந்த அடிக்குப் பிறகுதான் பிரிட்டன் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இடம் தேடியது. கொச்சித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே ரயில் வருகிற ஊர். பைக்காரா மின்சாரம் ஓடுகிற ஊர். பஞ்சாலையும் இரும்புப் பட்டறையும் நிறைந்த ஊர் கோவை. 1942 அக்டோபரில் அங்கே கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை அமைந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கருடா'. 1944-ல் தாம்பரத்தில் ஒரு தளம், பெயர் 'வல்லூறு'. 1945 பிப்ரவரியில் சூலூரில் ஒரு தளம், பெயர் 'வைரி'.

பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம். தரையிலே இருக்கிற நிலையத்தையும் கப்பல் என்றே அழைப்பார்கள். அதிலும் விமான நிலையமாக இருந்தால் பெரும்பாலும் பறவையின் பெயரை வைப்பார்கள். ஆக, சூலூர்க் கரிசல் மண்ணில் நின்றதும் ஒரு 'கப்பல்'தான்! இங்கிலாந்து மன்னரின் கப்பல் 'வைரி'. தண்ணீர் இல்லை, அலை இல்லை, ஆனால் கப்பல்! நம் தாத்தாமார் கோழிக்குஞ்சைக் கூடையிலே போட்டு மூடிவிட்டு அண்ணாந்து பார்த்து விரட்டிய வேட்டைப் பறவை அந்த வைரி. அந்தச் சொல்லுக்குப் பகைவன் என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் வைத்த துரைக்கு அது தெரியுமோ, தெரியாதோ!

அந்த ஓடுபாதைக்கு மண் சுமந்தது யார்? நம்மவர். அதற்குத் தீ வைத்தது யார்? அதுவும் நம்மவர்தான். 1942 ஆகஸ்ட் 26 இரவு, கட்டிக்கொண்டிருந்த சூலூர் விமானத் தளத்தை விடுதலைப் போராட்டக்காரர்கள் கொளுத்தினார்கள். அன்று காங்கிரஸ் "வெள்ளையனே வெளியேறு" என்றது. பெரியாரும் நீதிக்கட்சியும் இட்லரின் ஆரிய இனச் செருக்கே முதற்பகை என்று கருதிப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றனர். அந்த வழக்கை இன்று மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை. சுமந்த கையும் கொளுத்திய கையும் கொங்கு நாட்டு உழைப்பாளியின் கை. அதை மறக்காமல் இருந்தால் போதும்.

சரி, அந்த விமானங்களை ஓட்டியவர்கள் யார்? பிறக்கும்போதே இறக்கையோடு பிறந்தவர்களா?

இல்லை, தோழர்களே. பெரும்பாலோர் போருக்காகத் தொண்டராய்ச் சேர்ந்த இளைஞர்கள். பள்ளிப் படிப்பை முடித்தவன், அலுவலகத்தில் கணக்கு எழுதியவன், நியூசிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவன். பலர் அதற்கு முன் விமானத்தில் ஏறியதே இல்லை. கடலைப் பார்த்தே இராதவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர்களை என்ன செய்தார்கள்? படிப்படியாகப் பயிற்றினார்கள். முதலில் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் 'செயின்ட் வின்சென்ட்' என்ற தரைக்கப்பலில் சில வாரங்கள்: அணிவகுப்பு, மோர்ஸ் தந்தி, திசை கணிக்கும் கணக்கு, நம் விமானம் எது, பகைவன் விமானம் எது என்று அடையாளம் காணும் பாடம். அடுத்து 'டைகர் மாத்' என்ற சிறு விமானம். முன்னும் பின்னுமாய் இரண்டு இருக்கை. ஆசிரியர் ஒன்றில், மாணவன் ஒன்றில். சில மணி நேரம் கூடவே பறந்த ஆசிரியர், ஒருநாள் திடலிலே இறங்கி நின்று, "இனி நீயே போய் வா" என்பார். அன்றுதான் அவன் விமானி. தேறாதவனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பன் பெயரைக் கேட்டு எந்த விமானமும் தரையிறங்காது!

தேறியவர்கள் கப்பலேறிக் கனடாவிலுள்ள கிங்ஸ்டனுக்கோ அமெரிக்காவிலுள்ள பென்சகோலாவுக்கோ போனார்கள். வலிய எஞ்சின் பூட்டிய 'ஹார்வர்டு' போன்ற விமானங்களில் மேற்பயிற்சி. அதற்குப் பின்தான் மார்பிலே சிறகுச் சின்னம். சிறகு வந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. கடினமான பாடம் கடைசியில்தான்: கப்பலிலே இறங்குவது.

நினைத்துப் பாருங்கள். 'இல்லஸ்ட்ரியஸ்' வகைக் கப்பலின் நீளம் சுமார் 740 அடி. மேலேயிருந்து பார்த்தால் கடலிலே கிடக்கிற தீப்பெட்டி. அதுவும் நிற்காது, காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும், ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தளத்தின் ஓரத்தில் ஒரு அதிகாரி, இரு கைகளிலும் இரண்டு மட்டைகளை ஏந்தி நின்று "உயர்த்து, தாழ்த்து, நிறுத்து" என்று சைகை காட்டுவார். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள். கொக்கி வடத்தைப் பிடித்தால் பிழைத்தான். தவறினால் முன்னே தடுப்பு வலை. அதற்கும் அப்பால் கடல். இதற்காகத் தரையிலே ஒரு தளத்தை வரைந்து வைத்து, மட்டைக்காரரை நிறுத்தி, நூறு முறை இறங்கிப் பழகிய பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்றும் உண்டு. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால் கப்பல் அங்கே இருக்காது! அது எத்தனை கல் நகர்ந்திருக்கும் என்று கணக்குப் போட, பின்னிருக்கையில் 'அப்சர்வர்' ஒருவர். அவருக்கும் பின்னே தந்தியும் துப்பாக்கியும் கையாள ஒருவர். கீழே கப்பலில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய பிட்டர். வடத்தைச் சரிபார்த்த மாலுமி. ஒரு பிட்டர் முறுக்க மறந்த மறை ஒன்று போதும், வீரப் பதக்கம் பெற்ற விமானியும் கடலுக்குள் போக! ஆகாயத்தில் பறந்தவன் ஒருவன். அவனைப் பறக்க வைத்தவர்கள் பலர்.

1945 சனவரி 16-ல் திருகோணமலையிலிருந்து 4 விமானந்தாங்கிக் கப்பல்கள் கிளம்பின. சுமத்ராவின் பாலெம்பாங்கில் ஜப்பானியர் வசமிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை 24-ந் தேதியும் 29-ந் தேதியும் தாக்கின. வெற்றிதான். ஆனால் விலை? சண்டையிலே போன விமானங்கள் 16. கடலில் விழுந்தும் கப்பல் தளத்தில் மோதியும் போனவை 25. பகைவன் சுட்டதைவிடத் திரும்பி வரும் வழியே அதிகம் விழுங்கியது! பிடிபட்ட விமானிகள் 9 பேர் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். ஏகாதிபத்தியத்தை நாம் வெறுத்தோம். அந்தத் தாய்மாரின் கண்ணீரை வெறுக்க முடியுமா?

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

போருக்கு முன்பு அந்தக் கடற்படையில் அதிகாரியாக வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருந்தது. கண் பார்வை கூர்மையா, கணக்கு வருமா, நெஞ்சுரம் உண்டா என்பதற்கெல்லாம் முந்திய நிபந்தனை. "கலப்பில்லாத ஐரோப்பியப் பரம்பரையில் பிறந்தவனா?" என்பதே அது. நமக்குப் புதிதா இந்தக் கேள்வி? "என்ன குலம்?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக் கதவைச் சாத்திய நாடல்லவா இது! மனுவுக்கு லண்டனிலும் ஒரு கிளை இருந்திருக்கிறது!

போர் வந்தது. ஆள் தேவைப்பட்டது. 1939 அக்டோபரில், போர் முடியும் வரைக்கும் அந்தத் தடை இல்லை என்று அறிவித்தார்கள். ஏட்டிலே திறந்த கதவு கடற்படையில் ஒருக்களித்தே இருந்தது என்பதும் உண்மை. ஆனால் 1940-ல் இந்திய விமானிகள் 24 பேர் இங்கிலாந்துக்குப் போய் அரச விமானப்படையில் பறந்தார்கள். வானம் அவர்களிடம் வம்சாவளி கேட்கவில்லை. அன்றுவரை "பிறப்பால் வருவது" என்றார்களே, அது பயிற்சியால் வருவது என்று போரே சாட்சி சொல்லிவிட்டது.

1946 ஏப்ரலில் 'வைரி' என்ற பெயர்ப்பலகை இறங்கியது. ஆனால் சூலூரைக் கடற்படை மறக்கவில்லை. 1961 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் 'ஹன்சா' விமானத் தளம் தொடங்கியதும் இதே சூலூரில்தான். 'விக்ராந்த்' கப்பலுக்கான ஜெட் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 1964-ல் அது கோவாவுக்குப் போயிற்று. இன்று சூலூர் இந்திய விமானப்படையின் தளம். கடற்படைக்கு அரக்கோணத்தில் 1992 முதல் 'ராஜாளி'. ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அங்கேதான் பயிற்சி. இராமநாதபுரம் உச்சிப்புளியில் 2009 முதல் 'பருந்து'.

வைரி, வல்லூறு, ராஜாளி, பருந்து! வெள்ளைக்காரனும் தமிழ்நாட்டுப் பறவையின் பெயரை வைத்தான், டில்லியும் வைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பறவையிலே ஏறிப் பறக்க நம் பிள்ளை போனால்?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை முப்படைகளிலும் அதிகாரியாகத் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் 2022 முதல் அந்தக் கழகத்தின் கதவு திறந்திருக்கிறது. கடற்படை விமானியாகவும் அது ஒரு வாசல். அந்தத் தேர்வின் கணக்குத் தாள் இரண்டு மொழிகளில் அச்சாகிறது: ஆங்கிலம், இந்தி. கான்பூர்ப் பிள்ளை தன் தாய்மொழியிலே கணக்கைப் படித்துப் பார்த்து விடை குறிக்கலாம். காங்கேயத்துப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. கோணமும் சமன்பாடும் இந்திக்கு வரும், தமிழுக்கு வராதா?

"போர்க்களத்தில் பல மொழி கூடாதே" என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். விமானத்தில் பேச ஆங்கிலம் வேண்டும். அதற்கென்று அதே தேர்வில் ஆங்கிலப் பகுதி தனியே இருக்கிறது. அதிலே நம் பிள்ளை எழுதட்டும், தேறட்டும். மோர்ஸ் தந்தியையே சில வாரங்களில் கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு. மொழியைக் கற்றுக்கொடுக்க முடியாதா? பொதுமொழி ஒன்றே போதும் என்றால் இந்தித் தாள் எதற்கு? தாய்மொழி உரிமை என்றால் தமிழ்த் தாள் எங்கே?

நம் தாராபுரத்தைத் தொட்டு ஓடுகிற அமராவதியின் கரையோடு மேலே போனால், அணைக்கு அருகே 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நல்லது. 11 வயதில் அனுமதித்த தமிழை 17 வயதில் வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம்?

நடவாத காரியத்தைக் கேட்கிறோமா? இல்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் என்று இருந்தபோது, 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடக்கும் என்று ஒன்றிய உள்துறை அறிவித்தது. 2024-ல் நடந்தும் விட்டது. கேட்டோம், கிடைத்தது. ஆனால் கவனியுங்கள்: காவலனாகத் தமிழ் போதும், தளபதியாகத் தமிழ் ஆகாதா? துப்பாக்கி தூக்க அனுமதி. விமானம் ஓட்டத் தடையா?

தோழர்களே, கோரிக்கை முழக்கமாய் மட்டும் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படிப்பகத்திலும் இந்தத் தேர்வின் அறிவிப்பை ஒட்டுங்கள். பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வையுங்கள். கணக்கு வாத்தியார் ஒருவரை வாரத்தில் ஒரு மாலை அழைத்து வாருங்கள். ஆலைத் தொழிலாளியின் மகனும் ஆடு மேய்ப்பவரின் மகளும் அந்தத் தாளைக் கண்ணாலாவது பார்க்கட்டும். இன்று கிடைக்கிற வாசலில் நுழைவோம்; நாளைக்கு வேண்டிய வாசலைத் தட்டுவோம். இரண்டும் ஒரே வேலை.

படிப்பகத் தோழர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "என் பேத்தி பத்தாவது படிக்குதுங்க. கணக்கிலே கெட்டி. அந்தப் பாரம் எப்போ வரும்?"

அந்தக் குழந்தைக்குச் சூலூர்ச் சத்தம் வெறும் சத்தமாக இருக்கக் கூடாது. அது அவளை அழைக்கிற குரலாக இருக்க வேண்டும். அவள் மொழியிலே அழைக்கிற குரலாக!