மாமாவின் 28 வெள்ளியும் என் கைப்பேசியின் 9 வெள்ளியும்

2024 தீபாவளி விடுமுறையில் மாசாயில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பலகாரம் எல்லாம் முடிந்து, இரவு பக்கத்து உணவகத்தில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தபோது மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ நிதித்துறைதானே படிக்கிற? டாப் குளோவ் பங்கு எப்படிம்மா? கோவிட் நேரத்துல 28 வெள்ளி போச்சு. இப்போ ஒரு வெள்ளி பக்கத்துல கிடக்கு. பாதி திரும்பி வந்தாலே 14 மடங்கு!"

மாமா லோரி ஓட்டுநர். பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும் செனாய்க்கும் இடையே இருபது வருடத்துக்கும் மேலாக ஓடுகிறார். ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் வந்ததல்லவா? அதில் இருக்கும் பணம் முழுவதையும் எடுத்துப் போடப் போவதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். கைப்பேசியை எடுத்து அந்தப் பங்கின் பழைய விலைகளைத் தேடினேன். 2020-ஆம் ஆண்டின் உச்சத்தில் விரலை வைத்துப் பார்த்தால், ஒன்பது வெள்ளிச் சில்லறைதான் காட்டியது. பத்தைக்கூடத் தாண்டவில்லை.

"28 எல்லாம் போகவே இல்ல மாமா."

"யார்கிட்ட சொல்ற? நான் அன்னிக்கு பேப்பர்ல கண்ணால பார்த்தேன்!"

மாமா சொன்னது சரி. கைப்பேசி காட்டியதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டு நான் இதே விஷயத்தில் அசிங்கப்பட்டிருந்ததுதான்.

இரண்டாவது பருவத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி. ஜொகூரில் பிறந்த ஒரு நிறுவனத்தை எடுத்து, அதன் பத்தாண்டுப் பங்கு விலையை ஆராய வேண்டும். நான் கேபிஜே மருத்துவமனைக் குழுமத்தை எடுத்தேன். 1981-இல் ஜொகூர் பாருவில் ஒரே ஒரு மருத்துவமனையாகத் தொடங்கி, 1994-இல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம். இணையத்தில் பதிவிறக்காமல், ஆண்டறிக்கைகளைப் புரட்டி ஒவ்வோர் ஆண்டின் விலையையும் கையால் எழுதினேன். ரொம்ப உழைப்பாளி மாதிரி. 2016 முடிவில் நான்கு வெள்ளிக்கு மேல் இருந்த பங்கு, 2017 முடிவில் ஒரு வெள்ளிக்கு அருகில் இருந்தது. பெரிய சரிவு! மருத்துவச் செலவு, போட்டி, பொருளாதாரம் என்று காரணங்களை அடுக்கி ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

விரிவுரையாளர் அந்தப் பக்கத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ஒரு ரொட்டிச் சானாயை நான்காக வெட்டினால் ரொட்டி குறைந்துவிடுமா?"

2017-இல் கேபிஜே தன் ஒவ்வொரு பங்கையும் நான்காகப் பிரித்திருந்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் நான்கு பங்கு. விலை கால்வாசி. பணம் கிட்டத்தட்ட அதேதான். நடக்காத சரிவுக்கு நான் ஒரு பக்கம் காரணம் கண்டுபிடித்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் பின்னம் படித்தவள்தான் நானும்.

டாப் குளோவ் கதையும் இதுதான். 2020 ஆகஸ்டில் அதன் விலை 28 வெள்ளியைத் தாண்டியது உண்மை. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நிறுவனம் ஊக்கப் பங்கு கொடுத்தது. போனஸ் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். கையில் உள்ள ஒரு பங்குக்கு இரண்டு பங்கு இலவசம். ஆயிரம் பங்கு வைத்திருந்தவர் மூவாயிரம் பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆனால் நிறுவனத்தின் தொழிற்சாலையோ லாபமோ மூன்று மடங்கு ஆகவில்லையே. அதனால் விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கும். 28,000 வெள்ளி பெறுமானமுள்ள 1,000 பங்கு, ஏறக்குறைய 9 வெள்ளி 33 சென் வீதம் 3,000 பங்காக மாறும். கணக்கு போட்டுப் பாருங்கள், அதே 28,000.

இப்படி நடந்த பிறகு, விலை வரைபடம் காட்டும் பெரும்பாலான தளங்கள் பழைய விலைகள் அனைத்தையும் மூன்றால் வகுத்துவிடுகின்றன. இல்லாவிட்டால் கோட்டின் நடுவில் ஒரு பொய்யான பள்ளம் விழும், என்னைப் போல யாராவது அதற்குக் காரணம் எழுதுவார்கள். இதைச் சரிசெய்யப்பட்ட விலை என்கிறார்கள். ஆனால் மாமாவின் மூளையில் பதிந்திருப்பது சரிசெய்யப்படாத 28. 2024-இன் ஒரு வெள்ளியோடு அதை ஒப்பிடுவது, முழு ரொட்டியின் விலையை ஒரு துண்டின் விலையோடு ஒப்பிடுவதுதான்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஒன்பதுன்னே வச்சுக்க. ஒன்பது மடங்கு இல்லையா? அதுவும் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அதனால் வரைபடத்தை 2020-க்கு முன்னால் இழுத்தேன். பழைய விலைகளைப் பார்க்கும்போது நம்மில் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். உச்சம் எங்கே என்று கண் தானாக ஓடும். அதற்கு முன் சாதாரண நாளில் என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை. 2020 ஜனவரியில், கோவிட் இங்கே பரவாத நேரத்தில், அந்தப் பங்கு ஐந்து வெள்ளிக்குக் கீழே இருந்தது. இன்றைய துண்டுக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி. அப்படியானால் ஒரு வெள்ளி என்பது ஒன்பதிலிருந்து விழுந்த அதிசய மலிவு அல்ல. ஒன்றரையில் இருந்தது, உலகமே கையுறை தேடிய ஓராண்டில் எங்கோ ஏறி, திரும்பி வந்திருக்கிறது.

கோட்டை மட்டும் பார்த்தால் கதை தெரியாது. பக்கத்தில் தேதிகளை வைத்துப் பார்க்க வேண்டும். நான் உணவக ரசீதின் பின்புறத்தில் சிலவற்றை எழுதிக் காட்டினேன். 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் டாப் குளோவின் இரு துணை நிறுவனங்களின் கையுறைகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது. அந்தத் தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. தடை வந்த பிறகும் விலை ஆகஸ்டில் உச்சத்துக்குப் போனது என்பதைக் கவனியுங்கள். 2020 நவம்பர் 9, ஃபைசர் நிறுவனம் தன் தடுப்பூசி பலன் தருவதாக அறிவித்தது. மறுநாள் நம் நாட்டின் கையுறைப் பங்குகள் சரிந்தன.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது இன்னொன்று. அந்த நிறுவனம் தன் வரலாற்றிலேயே அதிக லாபம் காட்டியது 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில், 700 கோடி வெள்ளிக்கும் மேல். ஆனால் பங்கு விலை அதற்கு ஓராண்டுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. லாபச் செய்தி பேப்பரில் வரும்போது சந்தை அடுத்ததை நினைத்துக்கொண்டிருந்தது. 2022 இறுதியில் விலை ஒரு வெள்ளிக்கும் கீழே. 2023 நிதியாண்டில் நஷ்டம்.

"அப்போ உச்சத்துல வாங்கினவன் கதி?" என்று கேட்டார் மாமா. ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் இழப்பு 89 விழுக்காடு. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு ஏற 800 விழுக்காடு வேண்டும். இறங்கும் படியும் ஏறும் படியும் ஒரே அளவு இல்லை. இடையில் ஈவுத்தொகை கிடைத்திருக்கும் என்பதையும் சொன்னேன். 2021 நிதியாண்டுக்கு மட்டும் பங்குக்கு 65 சென்னுக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தார்கள். விலைக்கோடு இதைக் காட்டாது. யாஹூ ஃபைனான்ஸ் போன்ற தளங்களில் இறுதி விலை ஒரு பத்தியிலும், ஈவுத்தொகையையும் சேர்த்துச் சரிசெய்த விலை அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று குழம்பாதீர்கள். நான் ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.

நீங்களும் முயல விரும்பினால் காசு செலவில்லை. புர்சா மலேசியாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு. டாப் குளோவுக்கு 7113, கேபிஜேக்கு 5878. அந்த எண்ணை வைத்துத் தேடினால் நாள்வாரியாகத் தொடக்க விலை, அதிகபட்சம், குறைந்தபட்சம், இறுதி விலை, அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை எல்லாம் வரும். விலையைவிட அந்தக் கடைசிப் பத்தி எனக்குப் பிடிக்கும். கூட்டம் எந்த நாளில் அடித்துப்பிடித்து ஓடியது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். எந்த விலையைக் குறித்தாலும், அதற்குப் பிறகு அந்த நிறுவனம் போனஸ் கொடுத்ததா, பங்கைப் பிரித்ததா என்று அதன் அறிவிப்புகளில் ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு அது ஒரு சிவப்பு வட்டத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

மாமா ரசீதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுக்கு முன்னாலயும் போனஸ் கொடுத்திருக்காங்களா?" என்றார். 2016 ஜனவரியில் ஒன்றுக்கு ஒன்று, 2018 அக்டோபரில் மறுபடி ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்துச் சொன்னேன். பேனாவை வாங்கி எழுதினார். 2015-இல் ஆயிரம் பங்கு. அடுத்து இரண்டாயிரம். அடுத்து நாலாயிரம். 2020-இல் பன்னிரண்டாயிரம். "அடேயப்பா, பேசாம வச்சிருந்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு" என்று சொல்லிவிட்டு, தே தாரேயை ஒரே மடக்கில் முடித்தார்.

மூன்றாம் கணக்கிலிருந்து அவர் அன்று பணம் எடுக்கவில்லை. லோரிக்கு டயர் மாற்ற வேண்டியிருக்கிறது என்று அத்தை பிறகு சொன்னார், அதற்குத்தான் போகும்போல. நான் ஸ்கூடாய்க்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து மாமாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஒரு செம்பனைத் தோட்ட நிறுவனத்தின் பெயர், கீழே ஒரு வரி: "இது எப்பவாவது பங்கைப் பிரிச்சிருக்கா பாரும்மா. அவசரம் இல்ல."