மலிவு விலைக் கையடக்கக் கணினி: விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

புது தில்லி: மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டங்கள் அறிவிக்கப்படும்போதெல்லாம் விலையும் எண்ணிக்கையுமே தலைப்புச் செய்தியாகின்றன. எந்த நுண்செயலி, எந்த இயங்குதளம் என்ற விவரங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் பின்னிணைப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால், கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், அதில் என்ன படிக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பவை அவ்விரண்டும்தான். இதற்கு 'ஆகாஷ்' ஓர் எடுத்துக்காட்டு.

அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 2011 அக்டோபர் 5-ஆம் தேதி தில்லியில் ஆகாஷை அறிமுகப்படுத்தினார். அரசு அதை வாங்கிய விலை ரூ.2,276. 7 அங்குலத் திரை, 256 எம்.பி. நினைவகம், 366 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 'ஏஆர்எம்11' வகை நுண்செயலி, ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளம் ஆகியவை அதில் இருந்தன.

ஏன் ஏஆர்எம்?

மேசைக் கணினிகளில் கோலோச்சிய இண்டெல் வகை நுண்செயலிகளின் பலம், பழைய மென்பொருள்களையும் இயக்க முடிவது. ஏஆர்எம் வகையின் பலம், குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. சிறிய மின்கலத்தையும் குறைந்த விலையையும் கருதியே பிந்தையது தேர்வு செய்யப்பட்டது. தனிநபர் கணினிக்கான விண்டோஸ் அப்போது இண்டெல் வகைக்கே எழுதப்பட்டிருந்ததால், நுண்செயலியைத் தேர்ந்ததுமே விண்டோஸுக்கு வழி அடைபட்டது. உரிமக் கட்டணமில்லாத ஆண்ட்ராய்டு இயல்பான தேர்வாயிற்று.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஏஆர்எம்11, அந்தக் கட்டளைத் தொகுப்பின் 6-ஆவது பதிப்பைச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்கான 'பிளாஷ்' மென்பொருளோ 7-ஆவது பதிப்பைக் கோரியது. அந்நாளில் அசைவூட்டப் பாடங்கள் பலவும் பிளாஷில்தான் தயாரிக்கப்பட்டன. மென்பொருளைப் புதுப்பித்தால் தீரும் குறையல்ல இது. சிப்பையே மாற்ற வேண்டும். கூகுளின் மென்பொருள் சந்தையும் அக்கருவியில் இடம்பெறவில்லை.

மும்பை ஐஐடி பொறுப்பேற்ற பிறகு வந்த 'ஆகாஷ் 2', 2012 நவம்பர் 11-இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் வெளியிடப்பட்டது. 1 கிகாஹெர்ட்ஸ் 'கார்டெக்ஸ்-ஏ8' நுண்செயலி, 512 எம்.பி. நினைவகம், ஆண்ட்ராய்டு 4.0 என அது முன்னேறியது. சி, பைதான், சைலாப் ஆகிய மொழிகளில் மாணவர்கள் நிரல் எழுதுவதற்கான வசதிகளையும் மும்பை ஐஐடி உருவாக்கியது. பார்ப்பதற்கான கருவி, செய்வதற்கான கருவியாகவும் மாறலாம் என்பதை அது காட்டியது. எனினும் 2015-இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

மைக்ரோசாப்ட் கற்ற பாடம்

பொருத்தமற்ற இணை பெரிய நிறுவனத்தையும் சறுக்க வைக்கும். 2012-இல் ஏஆர்எம் நுண்செயலிக்கென 'விண்டோஸ் ஆர்.டி.'யை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. தோற்றத்தில் விண்டோஸ், ஆனால், பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் இயங்கவில்லை. அந்த வகை 'சர்ஃபேஸ்' கருவிகளுக்காக 2013-இல் 90 கோடி டாலரை அந்நிறுவனம் இழப்பாகக் கணக்கிட நேர்ந்தது.

இலவச இயங்குதளம் என்பதற்காக நிபந்தனைகளே இல்லை என்றும் கொள்ள முடியாது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. அதனுடன் வரும் கூகுள் சேவைகளுக்கோ தனி ஒப்பந்தம் தேவை. இந்த ஏற்பாடுகள் தொடர்பான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்து, ஆணையத்தின் சில உத்தரவுகளை ரத்து செய்தது.

உள்நாட்டு முயற்சி

கட்டளைத் தொகுப்புக்கே உரிமத் தொகை தேவைப்படாத 'ரிஸ்க்-5' கட்டமைப்பை நோக்கி மத்திய அரசின் கவனம் திரும்பியுள்ளது. 2022 ஏப்ரலில் இதற்கென தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. சென்னை ஐஐடியின் 'சக்தி', சி-டாக் நிறுவனத்தின் 'வேகா' ஆகிய நுண்செயலிகள் அதன் அடித்தளம்.

சிப் நம்முடையதாகிவிட்டால் மட்டும் போதாது. திரை, கேமரா, வை-ஃபை ஆகியவற்றை இயக்கும் மென்பொருள்களின் மூலநிரல் கிடைக்காவிட்டால், எந்தக் கருவியும் வாங்கிய நாளின் பதிப்பிலேயே நின்றுவிடும். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும், வேறு இயங்குதளத்தை நிறுவ முடியுமா, பாட மென்பொருள்கள் முன்கூட்டியே சோதிக்கப்பட்டனவா என்ற மூன்று கேள்விகளும் விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. கேட்கத் தவறினால், மிச்சப்படுத்தியதாகச் சொல்லப்படும் தொகையை மறு கொள்முதலில் அரசே மீண்டும் செலவிட நேரிடும்.